டோட்டல் ஸ்டேஷனில் நினைவகமும் இயக்க முறைகளும்: எதை அழிக்கலாம், எதை மாற்றலாம்?

உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் ஒரு டோட்டல் ஸ்டேஷனில் (நில அளவையில் கோணத்தையும் தொலைவையும் அளந்து பதியும் கருவி) நினைவகம் நிறைந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. பழைய ஜாப்களை, அதாவது ஒவ்வொரு பணிக்கும் உரிய தரவுக் கோப்புகளை, அழித்துவிடலாமா என்பது முதல் பகுதி. ஃபைன் (நிதானமாகத் துல்லியமாக அளப்பது), டிராக்கிங் (நகரும் இலக்கைத் தொடர்ந்து அளப்பது), பிரிசம் (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி இலக்கு) இல்லாமல் அளப்பது போன்ற முறைகளை மாற்றினால், ஏற்கெனவே சேமித்த தரவு கெடுமா என்பது இரண்டாம் பகுதி. ஒருமுறை பதிவான கோணமும் தொலைவும் பின்னர் நீங்கள் முறையை மாற்றுவதால் மாறுவதில்லை. ஆனால் அவை பதிவான நேரத்தில் எந்த முறை இயங்கிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்தே அவற்றின் மதிப்பு அமைகிறது, அந்த விவரம் எல்லாக் கருவிகளிலும் தரவோடு சேர்ந்து பதிவாவதில்லை. ஆகவே அழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டியதும், முறையை மாற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டியதும் ஒன்றுதான்: இந்தத் தரவைப் பிறகு ஒருநாள் திரும்பக் கணக்கிட வேண்டிவந்தால், அதற்குத் தேவையானவை கோப்பில் இருக்கின்றனவா?

டோட்டல் ஸ்டேஷன் உண்மையில் அளப்பது கிடைக்கோணம், குத்துக்கோணம், சாய்தொலைவு ஆகிய மூன்றை மட்டுமே. திரையில் தெரியும் கிடைத்தொலைவு, உயர வேறுபாடு, ஆயத்தொலைவுகள் எல்லாம் உள்ளிருக்கும் நிரல் கணக்கிட்டுக் கொடுப்பவை. அந்தக் கணக்குக்கு நிலையப் புள்ளியின் (கருவி நிற்கும் இடத்தின்) ஆயத்தொலைவுகள், கருவி உயரம், பிரிசம் உயரம், பேக்சைட் (திசையைப் பொருத்த முதலில் நோக்கும் தெரிந்த புள்ளி) திசை, பிரிசம் மாறிலி (பிரிசத்துக்கேற்பத் தொலைவில் சேர்க்கும் திருத்தம்), காற்றுக்கான பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) திருத்தம், ஸ்கேல் ஃபேக்டர் (தொலைவை வரைபட அளவுக்கு மாற்றப் பெருக்கும் எண்) ஆகியவை வேண்டும். இவற்றில் நிலையம், பேக்சைட், உயரங்கள் ஆகியவை பெரும்பாலும் ஜாப்புக்குள் பதிவாகின்றன. கோண அலகு, காம்பன்சேட்டர் (கருவியின் சாய்வை ஈடுகட்டும் அமைப்பு), தொலைவு அளக்கும் முறை போன்றவை பெரும்பாலும் கருவியின் பொது அமைப்பில் இருக்கின்றன. புதிய ஜாப் திறந்தாலும் அவை மாறுவதில்லை. முந்தைய நாள் வேறொருவர் மாற்றிவைத்த அமைப்பு உங்கள் ஜாப்பில் சத்தமில்லாமல் நுழைவது இப்படித்தான். பலர் பயன்படுத்தும் கருவியில் இதுவே முதல் ஆபத்து. நினைவகம் நிறைவது அதற்கு அடுத்ததுதான்.

சேமிப்பில் நீங்கள் எடுக்க வேண்டிய முதன்மையான முடிவு, மூல அளவீடுகளைச் சேமிப்பதா, கணக்கிட்ட ஆயத்தொலைவுகளை மட்டும் சேமிப்பதா என்பது. சில கருவிகள் இரண்டையும் சேர்த்தே பதிகின்றன. சிலவற்றில் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் மிச்சமாகும் என்பதற்காக ஆயத்தொலைவுகளை மட்டும் வைத்துக்கொள்வதை நான் எப்போதும் எதிர்ப்பவன். காரணம் எளியது. பிரிசம் கம்பத்தை 1.500 மீட்டரிலிருந்து 2.150 மீட்டருக்கு உயர்த்திவிட்டு, கருவியில் அந்த எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு புள்ளியும் உண்மையை விட 0.650 மீட்டர் உயரமாகக் காட்டும். மூல அளவீடு இருந்தால், எந்தப் பதிவில் எந்த உயரம் இருந்தது, எந்த நிலையத்திலிருந்து எடுத்தது என்பதைக் கணினியில் பார்த்து, அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் உயரத்தைத் திருத்தி மீண்டும் கணக்கிடலாம். வெறும் கிழக்கு, வடக்கு, உயரம் என்ற மூன்று எண்கள் மட்டும் இருந்தால், தவறு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைச் சொல்ல அந்தக் கோப்பில் எதுவும் இருக்காது.

மூலப் பதிவு எப்படி இருக்கும் என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்ப்பது நல்லது. லைக்கா நிறுவனத்தின் கருவிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஜி.எஸ்.ஐ. வடிவத்தின் ஒரு வரி இப்படி இருக்கும்:

110012+00000057 21.324+07415300 22.324+08846120 31..00+00084372 87..10+00001500

ஒவ்வொரு தொகுதியின் முதல் இரண்டு இலக்கங்கள் அது என்ன அளவு என்பதைக் குறிக்கின்றன: 11 புள்ளி எண், 21 கிடைக்கோணம், 22 குத்துக்கோணம், 31 சாய்தொலைவு, 87 பிரிசம் உயரம். ஆக, 57ஆம் புள்ளிக்குக் கிடைக்கோணம் 74 பாகை 15 நிமிடம் 30 விநாடி, குத்துக்கோணம் 88 பாகை 46 நிமிடம் 12 விநாடி, சாய்தொலைவு 84.372 மீட்டர், பிரிசம் உயரம் 1.500 மீட்டர். கூட்டல் குறிக்குச் சற்று முன்னால் இருக்கும் இலக்கம் அலகைச் சொல்கிறது. கோணத்தில் உள்ள 4 என்பது பாகை, நிமிடம், விநாடி. தொலைவில் உள்ள 0 என்பது மில்லிமீட்டர் வரை எழுதிய மீட்டர். அந்த இடத்தில் 6 இருந்திருந்தால் கடைசி இலக்கம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். அதே எண் 8.4372 மீட்டராகிவிடும். கோணத் தொகுதியின் நான்காம் இடத்து இலக்கம் காம்பன்சேட்டரின் நிலையைப் பதிகிறது. எண்ணோடு அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதும் சேர்ந்து வருகிற நல்ல பதிவுக்கு இது ஒரு மாதிரி. இதே தரவைப் புள்ளி எண், கிழக்கு, வடக்கு, உயரம் என்ற காற்புள்ளிக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் இவை அனைத்தும் உதிர்ந்துவிடும். டி.எக்ஸ்.எஃப். என்ற கணினி வரைபடக் கோப்பில் வரைபடம் மட்டுமே மிஞ்சும்.

இனி இயக்க முறைகள். இவற்றைக் கையேடு வரிசைப்படுத்தும் விதத்தில் பார்ப்பதை விட, தவறாக வைத்துவிட்டால் அலுவலகத்தில் திருத்த முடியுமா, முடியாதா என்று பிரித்துப் பார்ப்பதே பயனுள்ளது.

திருத்தக்கூடியவற்றில் முதலாவது பிரிசம் மாறிலி. மாறிலி −30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று வைத்தால், ஒவ்வொரு தொலைவும் 30 மில்லிமீட்டர் கூடுதலாகப் பதிவாகும், கோணம் பாதிக்கப்படாது. புள்ளிகள் எல்லாம் நிலையத்திலிருந்து வெளிநோக்கி ஒரே அளவு தள்ளிப்போயிருக்கும். மூல அளவீடு இருந்தால் எளிதில் கழித்துவிடலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: லைக்கா தன் வட்டப் பிரிசத்துக்கு 0 என்ற எண்ணைக் கொடுக்கிறது; மற்றவர்கள் வழக்கப்படி அதே பிரிசத்தின் மாறிலி −34.4 மில்லிமீட்டர். எனவே வேறு நிறுவனத்தின் −30 பிரிசத்தை லைக்கா கருவியோடு பயன்படுத்தினால், உள்ளிட வேண்டிய எண் +4.4. பிரிசத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே தட்டச்சு செய்வது ஆபத்தானது.

பி.பி.எம். திருத்தமும் பின்னர் சரிசெய்யக்கூடியதே. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் மாறினால் தொலைவு ஏறத்தாழ 1 பி.பி.எம். மாறும், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 0.28 பி.பி.எம். மாறும். திருத்தம் சுழியாக இருக்கும் நிலை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. லைக்கா 12 பாகையையும் டாப்கான், சோக்கியா ஆகியவை 15 பாகையையும் அடிப்படையாகக் கொள்கின்றன. காற்றழுத்தம் இயல்பாக இருக்கும் 35 பாகை வெயிலில் 15 பாகை அமைப்போடு அளந்தால் கிலோமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் பிழை வரும். 50 மீட்டருக்குள் வீட்டு மனை அளப்பவருக்கு அது 1 மில்லிமீட்டர், கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள டிராவர்ஸுக்கு (புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தொடர்ந்து அளந்து செல்லும் பாதைக்கு) அது பெரிய பிழை. கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சுமார் 900 ஹெக்டோபாஸ்கலாகக் குறைவதால், அங்கே அழுத்தம் மட்டுமே 30 பி.பி.எம். அளவுக்குப் பிழை கொண்டுவரும்.

ஸ்கேல் ஃபேக்டர் இன்னும் கவனம் வேண்டுவது. யு.டி.எம். என்ற உலகளாவிய வரைபட ஆய அமைப்பில் மைய நெடுங்கோட்டில் அதன் மதிப்பு 0.9996, ஒரு கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறையும். முந்தையவர் யு.டி.எம். பணிக்காக அதை வைத்துவிட்டுப் போயிருக்க, நீங்கள் அதே கருவியில் ஒரு கட்டடத்தின் தூண்களைக் குறித்தால், 50 மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் பிசகும். உள்ளூர் ஆய அமைப்பில் வேலை செய்யும்போது அது 1.000000 என்று இருப்பதைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். பி.பி.எம்., ஸ்கேல் ஃபேக்டர் இரண்டிலும் வேறொரு பொறியும் உண்டு. கருவி ஒருமுறை திருத்தியதைக் கணினி மென்பொருள் மறுமுறை திருத்துவது நடைமுறையில் அடிக்கடி நிகழ்கிறது. எந்தத் திருத்தம் எங்கே நடக்கிறது என்பதை ஒரே இடம் என்று முடிவுசெய்து, ஜாப்பின் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

புவி வளைவு, ஒளிவிலகல் திருத்தத்தையும் இதே வகையில் சேர்க்கலாம். விலகல் கெழு 0.13 என்று கொண்டால், 500 மீட்டரில் உயரத்துக்கு அது சுமார் 17 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டரில் 68 மில்லிமீட்டர்.

திருத்த முடியாதவை வேறு. காம்பன்சேட்டர் அவற்றில் முதலில் வரும். கருவியின் குத்தச்சு சில நிமிடங்கள் சாய்ந்திருந்தாலும் அதை அளந்து கோணங்களைச் சரிசெய்வதே அதன் வேலை. அதிரும் தளத்திலோ, பலத்த காற்றிலோ சாய்வு எல்லை மீறியதாக எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். சலித்துப்போய் அதை அணைத்துவிடுவார்கள். பிறகு இயக்க மறந்துவிடுவார்கள். காம்பன்சேட்டர் அணைந்திருக்கும்போது, நோக்கும் திசையில் 1 நிமிடம் சாய்வு இருந்தால் 100 மீட்டர் தொலைவில் உயரம் 29 மில்லிமீட்டர் பிசகும். தொலைநோக்கியைப் புரட்டி முகம் இடம், முகம் வலம் என இரண்டு நிலைகளிலும் அளந்து சராசரி எடுத்தால் கோலிமேஷன் பிழை (நோக்குகோடு பிசகியிருப்பதால் வரும் பிழை) நீங்கும். குத்தச்சுச் சாய்வால் வரும் பிழை நீங்காது. சாய்வு எவ்வளவு என்பது எங்கும் பதிவாகாததால் பின்னர் கணக்கிட்டு மீட்கவும் வழியில்லை. அதிர்வு தொல்லையாக இருந்தால் முக்காலியை வேறு இடத்துக்கு நகர்த்துவதே சரியான தீர்வு.

இரண்டாவது, தொலைவு அளக்கும் முறை. ஃபைன் முறையில் கருவி ஓரிரு விநாடிகள் எடுத்துப் பல அளவீடுகளைச் சேர்த்து ஒரு மதிப்பைத் தருகிறது. டிராக்கிங்கில் நகரும் பிரிசத்தைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு மதிப்பின் நம்பகமும் குறைவு. சில கருவிகளில் திரையில் சென்டிமீட்டர் வரைதான் தெரியும். வரைபடத்தில் உள்ள புள்ளியைத் தரையில் குறிக்கும் பணியில் டிராக்கிங் இல்லாமல் வேலை நடக்காது. கம்பம் பிடிப்பவரைப் புள்ளிக்கு அருகில் கொண்டுவரும் வரை அது போதும். கடைசிச் சில சென்டிமீட்டருக்கு ஃபைனுக்கு மாறி, ஆணி அடித்த பிறகு ஒருமுறை அளந்து அந்த மதிப்பையே சேமிக்க வேண்டும். டிராக்கிங்கிலேயே கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான புள்ளிகளை) பதிந்துவிட்டால், அந்தத் துல்லியக் குறைவை எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது, பிரிசம் இல்லாமல் அளக்கும் முறை. இது தரும் எண் எப்போதும் எதையோ அளந்த எண். நீங்கள் நினைத்ததையா என்பதுதான் கேள்வி. ஒளிக்கற்றை தூரம் போகப் போக அகல்வதால், சுவரின் விளிம்பில் பாதியும் பின்னாலிருக்கும் பரப்பில் பாதியும் பட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஒன்று கிடைக்கும். குறுக்கே தொங்கும் கம்பி, இலை, கடந்துபோகும் வண்டி எல்லாவற்றிலிருந்தும் எதிரொளி வரும். ஈரமான கரும்பரப்பும் சாய்வாகப் படும் பரப்பும் எதிரொளியை வலுவிழக்கச் செய்யும். இதே முறையில் பிரிசத்தை நோக்குவது மற்றொரு தவறு: பிரிசத்துக்குரிய மாறிலி அங்கே சேராது. பல கருவிகளில் இந்த முறையின் லேசர் 3ஆர் வகுப்பைச் சேர்ந்தது. நேராக வரும் ஒளி பிரிசம் பிடித்திருப்பவரின் கண்ணுக்கும், பிரிசத்திலிருந்து திரும்பும் ஒளி உங்கள் கண்ணுக்கும் நல்லதல்ல. எந்தப் புள்ளி எந்த முறையில் எடுத்தது என்பதை உங்கள் கருவி பதியவில்லை என்றால், புள்ளிக்குக் கொடுக்கும் குறியீட்டுப் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்து நீங்களே பதிந்துவிடுங்கள். சந்தேகம் வரும்போது தேட வேண்டிய புள்ளிகள் உடனே பிரிந்துவிடும்.

இப்போது நினைவகம் நிறைந்த கதைக்கு வருவோம். முதலில் எது நிறைந்தது என்று பாருங்கள். சில கருவிகளில் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு எல்லை. சிலவற்றில் ஜாப்களின் எண்ணிக்கைக்கு எல்லை. சிலவற்றில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கும் அளவீடுகளுக்கும் தனித்தனிப் பகுதிகள். ஜாப்புக்குள் ஒவ்வொரு புள்ளியாக அழிப்பது பெரும்பாலும் வீண்வேலை. டிரிம்பிள் ஆக்சஸ் மென்பொருளில், அழித்த புள்ளி கணக்கில் சேராமல் போகுமே தவிரக் கோப்பின் அளவு குறையாது. வேண்டுமானால் மீட்கவும் முடியும். சோக்கியா செட் வரிசைக் கருவிகளில் இன்னும் வெளியே அனுப்பாத ஜாப்புக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அனுப்பும் வரை அதை அழிக்க விடாது. எரிச்சலூட்டினாலும் அறிவுள்ள ஏற்பாடு. இந்தக் காவல் இல்லாத கருவிகளில் அதை மனிதர்தான் செய்ய வேண்டும்.

தரவை வெளியே எடுக்கும்போது கருவியின் சொந்த வடிவத்தையே முதலில் எடுங்கள். ஆயத்தொலைவுப் பட்டியல், வரைபடக் கோப்பு எல்லாம் அதற்குப் பிறகு. யு.எஸ்.பி. நினைவி பயன்படுத்தினால் அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கட்டும். பல கருவிகள் மற்ற முறைகளை அடையாளம் காண்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது நினைவியைப் பிடுங்கினாலோ, கருவியை அணைக்காமல் பேட்டரியைக் கழற்றினாலோ கோப்பு பாதியில் நின்றுபோகும். பழைய கருவியில் ஆர்.எஸ்.232 கேபிள்தான் வழி என்றால், பாட் வேகம், பாரிட்டி, தரவு பிட், நிறுத்த பிட் ஆகிய நான்கும் கருவியிலும் கணினியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். புரியாத எழுத்துக்குவியல் வந்தால் வேகமோ பாரிட்டியோ பொருந்தவில்லை என்று பொருள். சில வரிகள் மட்டும் நடுவில் காணாமல் போனால், தகவல் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பைப் பாருங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். இந்த இரண்டாவது வகை மோசமானது, ஏனென்றால் கோப்பு பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

எனவே கணினிக்கு வந்த கோப்பைத் திறந்து, கருவி காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். கடைசிப் புள்ளி வந்திருக்கிறதா, ஒவ்வொரு நிலையத்தின் பதிவும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னோர் இடத்திலும் ஒரு நகல் வைத்துவிட்டு, அதன் பிறகே கருவியில் அழிக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பணியின் ஜாப்பை நகல் எடுத்த பின்னும் அழிக்காதீர்கள். களத்தில் நேற்றைய புள்ளியைச் சரிபார்க்கத் தேவைப்படும். கருவியின் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன்னும் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன்னும் இதே ஒழுங்கு வேண்டும். அமைப்புகளை ஆலைநிலைக்குத் திருப்புவதும் நினைவகத்தையே துடைப்பதும் வேறு வேறு கட்டளைகள். சில பழைய கருவிகளில் இரண்டும் சில பொத்தான்களைச் சேர்த்தழுத்தி இயக்குபவை, எனவே கையேட்டைப் பார்க்காமல் முயலாதீர்கள்.

உள்ளே ஏற்றும் தரவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பட்டியலில் கருவி கிழக்கு, வடக்கு என்ற வரிசையை எதிர்பார்க்க, கோப்பில் வடக்கு முதலில் இருந்தால், கருவி மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். நிலையத்திலிருந்து பேக்சைட்டுக்கு உள்ள தொலைவைச் சரிபார்த்தாலும் இது பிடிபடாது. இரண்டு அச்சுகளையும் இடம் மாற்றினால் புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு மாறுவதில்லை. படம் மட்டும் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பிவிடும். மூன்றாவதாகத் தெரிந்த புள்ளி ஒன்றை அளந்து அதன் ஆயத்தொலைவுகளை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். புள்ளி எண் இரட்டிப்பதும் இப்படியே: சில கருவிகள் எச்சரிக்கும், சில இரண்டையும் வைத்துக்கொள்ளும், சில பழையதன் மேல் எழுதிவிடும். உங்கள் கருவி எந்த வகை என்பதை ஒரு சோதனை ஜாப்பில் வேண்டுமென்றே இரண்டு புள்ளிகளுக்கு ஒரே எண் கொடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தனி ஜாப்பிலும், களப்பணியை இடத்துக்கும் நாளுக்கும் ஒன்றாகத் தனி ஜாப்பிலும் வைப்பது என் விருப்பம். அழிக்கும் நேரம் வரும்போது எதைத் தொடக்கூடாது என்பதில் குழப்பம் இருக்காது.

உங்கள் அலுவலகத்தைப் பொறுத்தவரை, இன்று எந்த ஜாப்பையும் அழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் சொந்த வடிவத்தில் வெளியே எடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, யாருடைய ஜாப் எது என்று கேட்டு, முடிந்த பணிகளை மட்டும் நீக்குங்கள். சில கருவிகளில் அமைப்புகளின் தொகுப்பை ஒரு பெயரில் சேமித்து மீட்டெடுக்கலாம். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் ஒவ்வொருவரும் தமக்கென ஒன்று வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால், கருவியை இயக்கியதும் கோண அலகு, காம்பன்சேட்டர், பிரிசம் வகையும் மாறிலியும், பி.பி.எம்., ஸ்கேல் ஃபேக்டர் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் புதிய ஜாப்பைத் திறப்பது, பேக்சைட்டின் கோணத்தோடு தொலைவையும் அளந்து தெரிந்த மதிப்போடு ஒப்பிட்டு அதையும் ஜாப்பிலேயே பதிவது, பணி முடிந்து கருவியை எடுக்குமுன் பேக்சைட்டை இன்னொரு முறை அளந்து பதிவது என்ற வழக்கத்தை எல்லாருக்கும் பொதுவாக்குங்கள். அந்த இரண்டு பேக்சைட் பதிவுகளும் கோப்பில் இருந்தால், பிரிசம் மாறிலியோ ஸ்கேல் ஃபேக்டரோ தவறியதை முதல் பதிவிலும், இடையில் முக்காலி அசைந்ததை இரண்டாவதிலும், களத்துக்கு மீண்டும் போகாமலே கண்டுகொள்ளலாம்.